இடுப்பு எலும்பு முறிந்து வரும் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்துக்கொள்வது: காஷுவாலிட்டி முதல் வீடு வரை

என் மாமியார் குளியலறையில் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அப்போது அவருக்கு 81 வயது. விளக்கேற்றிவிட்டுக் கால் கழுவப் போனவர் ஈரத்தில் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் நாளைக்கு என்றார்கள். அந்த ‘நாளை’ அடுத்த வியாழக்கிழமைதான் வந்தது. நடுவில் நான்கு நாள், நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு “இன்னைக்கு இல்லை” என்றார்கள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்குக் குதிகாலில் புண். இடுப்பில் புடவை நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். ராத்திரியில் என்னைப் பார்த்து “நீ யாரும்மா?” என்று கேட்டார். பிறகு அவர் தனியாக நடக்கவே இல்லை.

நான் நர்ஸ். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டர்பன் வந்தவள். அப்போது வேறு வார்டில் இருந்தேன். மாமியாருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, கேட்டு வாங்கி எலும்பு வார்டுக்கு மாறினேன். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலகம் முழுக்க வருகிற கணக்கு. எலும்பைப் பொருத்துவது சர்ஜனுக்கு ஒன்றரை மணி நேர வேலை. ஆள் எழுந்து நடப்பாரா இல்லையா என்பது, அதற்கு முன்னும் பின்னும் வார்டில் போகிற நாள்களில்தான் முடிவாகிறது. அந்த நாள்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலும் வார்டில் வேலை செய்பவர்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம், அவர்கள் கேட்க வேண்டியதும் இதிலேயே இருக்கிறது.

முதல் படி: ஒரு நோட்டு வாங்குங்கள்

புது மெஷினோ கூடுதல் ஆளோ கேட்பதற்கு முன்னால், கோடு போட்ட ஒரு நோட்டு போதும். அடுத்து வரும் பத்து நோயாளிகளுக்கு இதை எழுதுங்கள்: விழுந்த நேரம், காஷுவாலிட்டிக்கு வந்த நேரம், முதல் வலி மருந்து கொடுத்த நேரம், எக்ஸ்ரே, வார்டுக்கு வந்த நேரம், தியேட்டருக்குப் போன நேரம், முதன்முதலாகக் கட்டிலை விட்டு எழுந்த நேரம். தள்ளிப்போனால், யார் எதற்காகத் தள்ளினார்கள் என்று ஒரு வரி.

விழுந்த நேரத்தைக் கட்டாயம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறையப் பேர் முதலில் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே ஒரு நாள், ஆம்புலன்ஸுக்கு ஒரு நாள் என்று காத்திருந்து நம்மிடம் வருகிறார்கள். நம் வாசலில் நுழைந்த நேரத்திலிருந்து எண்ணினால் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஆயாவின் (பாட்டியின்) முதுகு இரண்டு நாளாகப் படுக்கையில் இருக்கிறது.

எங்கள் நோட்டில் பத்துப் பேர் முடிந்ததும் நாங்கள் நினைத்தது தப்பு என்று தெரிந்தது. தியேட்டரில் இடமில்லை என்றுதான் எல்லோரும் குறைபட்டுக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு முதல் நாள் வீணானது ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் போய்ப் பார்க்காததால். அது ஒரு போன் பேசினால் சரியாகிற விஷயம்.

எழுதி வைப்பதால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தைச் சொல்லலாம். 2007-இல் அங்கே இடுப்பு எலும்பு முறிவுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவர் வந்து பார்ப்பது போன்றவற்றைச் சரியாகச் செய்த ஆஸ்பத்திரிக்கு 2010 முதல் நோயாளிக்கு இவ்வளவு என்று கூடுதல் பணமும் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் இறப்பவர்கள் 2007-இல் நூற்றுக்கு 10.9 பேர். 2011-இல் அது 8.5.

இரண்டாம் படி: காஷுவாலிட்டியில் முதல் சில மணி நேரம்

விழுந்த பெரியவர், எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். வீட்டிலிருப்பவர்கள் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. காத்திருக்கும்போது ஒரு போர்வை போர்த்துங்கள். கண்ணாடி, காது மெஷின், பல் செட், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள். இந்தப் பை எவ்வளவு முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

சில முறிவுகள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஆனாலும் காலை ஊன்ற முடியவில்லை என்றால், தசைப்பிடிப்பு என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எம்ஆர்ஐ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சிடி எடுக்க வேண்டும்.

வலிக்கு எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாரசிட்டமால், இங்கே எல்லோரும் பனாடோ என்று சொல்வது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் போக வேண்டும். ‘கேட்டால் கொடு’ என்று எழுதினால் நம் ஆயாக்களுக்கு அது போய்ச் சேராது. அவர்கள் கேட்க மாட்டார்கள். “பாவம், அந்தப் புள்ளைக்கு எவ்வளவு வேலை” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். மார்ஃபின் தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக. டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் வகை மருந்துகள் இந்த வயதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தவிர்ப்பது நல்லது.

இதையெல்லாம்விட நன்றாக வேலை செய்வது நரம்பைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி, ஃபேஸியா இலியாக்கா பிளாக். கவட்டுக்குக் கொஞ்சம் கீழே தொடையின் முன்பக்கம் போடுவார்கள். அரை மணி நேரத்தில் முகம் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். பெட்பேன் வைக்கும்போது கத்திய அம்மா, ஊசிக்குப் பிறகு தானே இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். காஷுவாலிட்டி டாக்டர்கள் கற்றுக்கொள்ளக்கூடிய ஊசிதான் இது. அனஸ்தீசியா டிபார்ட்மென்டில் ஒருவரைப் பிடித்து வாரத்துக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுக்க வையுங்கள்.

பழைய வழக்கம் ஒன்றை நிறுத்தலாம். காலில் பிளாஸ்திரி ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் ஓரத்தில் மணல் பை தொங்கவிடும் டிராக்‌ஷன். இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில், ஆபரேஷனுக்கு முன் இதனால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வயதானவர்களின் தோலோ காகிதம் மாதிரி. பிளாஸ்திரியோடு உரிந்து வந்துவிடுகிறது. ஒரு தலையணை வைத்துக் காலை வசதியாகத் தாங்கினால் போதும்.

மூன்றாம் படி: தண்ணீர்

நான் அதிகம் சண்டை போட்டது இந்த விஷயத்துக்காகத்தான். கட்டில் தலைமாட்டில் ‘நில் பை மவுத்’ (வாய் வழியாக எதுவும் கொடுக்காதே) அட்டை மாட்டியதும் தண்ணீர் ஜக்கை யாரோ எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துவிடுவார்கள். கைக்கு எட்டாது. பல வார்டுகளில் இரவுச் சாப்பாடு மாலை 5 மணிக்கே வந்துபோகிறது. நள்ளிரவிலிருந்து பட்டினி என்று ஃபைலில் இருக்கும், உண்மையில் 5 மணியிலிருந்தே வயிறு காலி. மறுநாள் லிஸ்டில் கடைசிப் பெயர் அவருடையது. சாயங்காலம் ரத்தானால் 24 மணி நேரம் ஆகிவிடுகிறது. நாக்கு ஒட்டிக்கொள்ளும், சிறுநீர் டீ நிறத்தில் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். அன்று ராத்திரியே புத்தி தடுமாறத் தொடங்கும்.

மயக்க மருந்துக்கு முன் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம். இதுதான் விதி. தண்ணீர், பால் சேர்க்காத டீ, ஆப்பிள் ஜூஸ் எல்லாம் தெளிந்த திரவம். எங்கள் வார்டில் இப்போது நடப்பது இப்படி. காலை ஆறு மணிக்கு முன்பே, நைட் சிஸ்டர் தியேட்டருக்குப் போன் போட்டு எத்தனையாவது கேஸ் என்று கேட்டுவிடுவார். முற்பகலில் போகாதவருக்கு ஆறு மணிக்கே கஞ்சி கொடுத்துவிடுவோம், 12 மணிக்கு மேல் அவர் தயார். தண்ணீர் ஜக் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். தியேட்டரிலிருந்து ‘ஆளை அனுப்பப் போகிறோம், இரண்டு மணி நேரம்’ என்று தகவல் வந்த பிறகுதான் எடுப்போம். 10 மணிக்கும் 1 மணிக்கும் மறுபடி போன். ரத்தானது தெரிந்த நிமிஷம் சாப்பாடு. அதற்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருப்போம்.

அனஸ்தீசியா டாக்டரோடு ஒரு முறை உட்கார்ந்து பேசி, இந்த ஏற்பாட்டில் அவர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டரிடமும் முதலிலிருந்து வாதாட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “சிஸ்டர், அம்மா கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார்?”

நான்காம் படி: தியேட்டருக்குப் போவது

ஆபரேஷன், வந்த அன்றோ மறுநாளோ நடந்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011-இல் கொடுத்த வழிகாட்டுதல். இன்னும் வேகமாகச் செய்தால் இன்னும் பிழைப்பார்களா? 17 நாடுகளில் 2970 பேரை வைத்து இதைச் சோதித்து 2020-இல் முடிவு சொன்னார்கள். முறிவு உறுதியானதிலிருந்து நடுமதிப்பாக 6 மணி நேரத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கும் 24 மணி நேரத்தில் போனவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் போனவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: நடு ராத்திரியில் தலைதெறிக்க ஓட வேண்டியதில்லை, மறுநாள் பகலைத் தவறவிடக் கூடாது. நம் பிரச்சினை 6-ஆ 24-ஆ என்பது இல்லை. நம்மிடம் நாள்கள் போகின்றன.

டர்பனில் வார இறுதி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கார் விபத்து, கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு. ரத்தம் ஒழுகுகிறவர் முன்னால் போவது நியாயம். ஆனால் திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளும் ஆயா கீழே தள்ளப்படுகிறார். அவர் சத்தம் போடுவதில்லை, மானிட்டரும் அலறுவதில்லை. இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, காலை லிஸ்டில் முதல் இடம் இடுப்பு எலும்புக்கு என்று நிரந்தரமாக ஒதுக்குவது. முதல் கேஸ் ரத்தாவது அபூர்வம். முதல் கேஸுக்குப் பட்டினியும் நீளாது. தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாளாவது கேளுங்கள். கேட்கும்போது நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

எதற்காகத் தள்ளலாம் என்பதையும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, சோடியம் 120-க்குக் கீழே அல்லது 150-க்கு மேலே, பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6-க்கு மேலே, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயச் செயலிழப்பு, சரிசெய்யக்கூடிய படபடப்பில் துடிப்பு 120-ஐத் தாண்டுவது, ரத்தத்தில் பரவிய நெஞ்சுச் சளித் தொற்று, சரிசெய்யக்கூடிய ரத்த உறைவுக் கோளாறு. இவற்றுக்கு நிறுத்தலாம். நிறுத்தினால், அன்றைக்கே சரிசெய்யத் தொடங்க வேண்டும். ‘ஆபரேஷனுக்குத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது, எந்தக் கோளாறை யார் எத்தனை மணிக்குள் சரிசெய்கிறார்கள் என்று எழுத வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சேர்ந்தவுடனே வைட்டமின் கே. மறுநாள் ரவுண்ட்ஸில் யோசித்தால் ஒரு நாள் போய்விடும்.

இதயத்தில் லேசாக ஒரு முணுமுணுப்பு கேட்கிறது, எக்கோ எடுக்கும்வரை நிறுத்து என்பது சரியான காரணம் இல்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்பதும் இல்லை. ‘மகன் கையெழுத்துப் போட வரவில்லை’ என்பது நிச்சயமாக இல்லை. புத்தி தெளிவாக இருக்கும் அம்மா தானே கையெழுத்துப் போடலாம், அது அவருடைய உடம்பு. குழப்பத்தில் இருந்தால், யார் சம்மதிக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டத்திலேயே வரிசை இருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தவர். சேரும்போதே இரண்டு போன் நம்பர் வாங்கி ஃபைலின் முன்பக்கம் எழுதுங்கள். மூத்தவர் கேப்டவுனில், சின்னவர் ஜோகன்னஸ்பர்க்கில் என்று இருப்பது நம் வீடுகளில் சாதாரணம்.

தியேட்டருக்குள் நடப்பதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. முதுகில் ஊசியா முழு மயக்கமா என்று குடும்பங்கள் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். 1600 பேரை வைத்து 2021-இல் வந்த ஆய்வில், 60 நாளில் உயிரோடிருப்பதிலோ நடப்பதிலோ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த முடிவை டாக்டரிடம் விடலாம். சர்ஜனிடம் நான் கேட்பது, ஆபரேஷன் குறிப்பின் கடைசி வரியில் ‘முழு எடையும் ஊன்றலாம்’ என்று தெளிவாக எழுதுங்கள் என்பதுதான். அந்த வரி இல்லாவிட்டால் மறுநாள் யாரும் நோயாளியை எழுப்பத் துணிய மாட்டார்கள்.

ஐந்தாம் படி: மறுநாள் காலை எழுப்புவது

இங்கேதான் குடும்பம் குறுக்கே நிற்கும். “ஆபரேஷன் பண்ண கால், அதுக்குள்ள ஊன வைக்கிறீங்களே” என்று மகள் அழுவாள். நான் எக்ஸ்ரேயைக் காட்டுவேன். உள்ளே இரும்பு இருக்கிறது, அது தாங்கும், தாங்கத்தான் போட்டிருக்கிறார்கள். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், தசை கரையும். இதைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள்.

எழுப்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுங்கள். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துங்கள். நல்ல கால் பக்கமாகத் திருப்பி, இரண்டு காலும் தரையில் படும்படி விளிம்பில் உட்கார வையுங்கள். ஐந்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். தலை சுற்றுகிறதா, ரத்த அழுத்தம் என்ன என்று பாருங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. வாக்கர் முன்னால். ஒருவர் பக்கத்தில் இடுப்பைப் பிடிக்க, இன்னொருவர் முன்னால் நிற்க, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை குனியச் சொல்லி, பிறகு எழச் சொல்லுங்கள். முதல் நாள் நாலு அடி வைத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அது வெற்றி. மதியச் சாப்பாடு அந்த நாற்காலியில்தான்.

கையுள்ள உயரமான நாற்காலி வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியாது. சனி ஞாயிறு ஃபிசியோதெரபிஸ்ட் வரமாட்டார் என்பதால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆனவர் திங்கள்வரை படுத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது வேண்டாம். வெள்ளி சாயங்காலமே ஃபிசியோவிடம் கேட்டு, இரண்டு நர்ஸ்கள் பழகிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: புத்தி தடுமாறும்போது

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஓர் ஆயா. ஆபரேஷன் ஆன இரண்டாம் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கி எறிந்து, சிஸ்டரை அடித்துவிட்டார். காலையில் நான் டியூட்டிக்கு வந்தபோது ஃபைலில் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதி, இரண்டு கையையும் பேண்டேஜால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பேத்தி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். “ஆயா வீட்டில் எங்களோடு இங்கிலீஷ்தான் பேசுவாங்க, இப்போ என்ன சொல்றாங்கன்னே புரியலை” என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். நான் குனிந்து கேட்டேன். “கரும்பு வண்டி வந்துருச்சு, அப்பா அடிப்பாரு, என்னை அவுத்து விடு.” எழுபது வருஷத்துக்கு முந்தைய கரும்புத் தோட்டத்தில் இருந்தார் அவர்.

கட்டை அவிழ்த்தேன். “ஆயா, நான் சிஸ்டர். இது ஆஸ்பத்திரி. கால் உடைஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு. பேத்தி இங்கேதான் நிக்கிறா” என்று மெதுவாகச் சொன்னேன். கை தளர்ந்தது. பிறகு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி. சிறுநீர் போகாமல் நிறைந்து கிடந்தது. காது மெஷின் டிராயரில், கண்ணாடி வீட்டில். அவருக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை, வயிறு வெடிக்கிற வலி, சுற்றிலும் புரியாத குரல்கள். யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள்.

டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தத் திடீர்க் குழப்பம் மறதி நோய் இல்லை, வயசுக் கோளாறும் இல்லை. உடம்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்பதற்கு அடையாளம். வலி, தாகம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தொற்று, ஆக்ஸிஜன் குறைவு, புது மருந்து, தூக்கமின்மை. இந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு தூங்கியே கிடப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம், அவரைத்தான் நாம் தவறவிடுகிறோம். 4ஏடி என்ற சின்னச் சோதனை இரண்டு நிமிஷத்தில் முடியும். விழிப்பாக இருக்கிறாரா, வயது, பிறந்த தேதி, இடம், வருஷம் தெரிகிறதா, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் இருக்கிறதா. 4 மதிப்பெண் அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆயாவுக்குத் தமிழில்தான் வரும் என்றால் தமிழில் கேளுங்கள். மொழி புரியாமல் தோற்றால் அது சோதனையே இல்லை.

முதியோர் மருத்துவர் முதலிலிருந்தே பார்த்து இவற்றைச் சரிசெய்தால் குழப்பம் எவ்வளவு குறையும் என்பதற்கு 2001-இல் 126 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. வழக்கமான கவனிப்பில் பாதிப் பேருக்கு டெலிரியம் வந்தது. மருத்துவர் பார்த்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு. நம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் முதியோர் மருத்துவரே இல்லை. மெடிசின் வார்டில் ஆர்வமுள்ள ஒரு டாக்டரிடம் வாரம் இரண்டு முறை வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

வார்டில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் இருக்கமாட்டார். அதனால் ஒரு தாளில் ‘வலிக்குதா’, ‘தண்ணி வேணுமா’, ‘பாத்ரூம் போகணுமா’, ‘பயப்படாதீங்க’, ‘மகள் வருவாங்க’ என்று எழுதி, உச்சரிப்பை அவர்கள் படிக்கும் எழுத்தில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். எங்கள் ஜூலு சிஸ்டர்கள் வீட்டில் பாட்டியைக் கோகோ என்பார்கள். இப்போது தமிழ் அம்மாக்களிடம் “ஆயா, தண்ணி?” என்று கேட்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு முகம் திரும்புகிறது. தூக்க ஊசி எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான். கையைக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

வீட்டார் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் உடன் இருக்க வார்டு சிஸ்டரிடம் அனுமதி கேளுங்கள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொன்னாலும் காரணத்தைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். 1999-இல் வந்த நோயாளர் உரிமைச் சாசனம் கேட்கும் உரிமையையும் புகார் சொல்லும் உரிமையையும் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

ஏழாம் படி: தட்டில் என்ன மிச்சம்

தட்டு போனதா என்று பார்த்தால் போதாது, காலியாகத் திரும்பியதா என்று பாருங்கள். கார்டிஃபில் ஓர் எலும்பு வார்டில், இடுப்பு முறிந்த பெண்களுக்குச் சாப்பிட உதவ என்றே பணியாளர்களை வைத்துப் பார்த்தார்கள். அந்த வார்டில் இருக்கும்போது இறந்தவர்கள் நூற்றுக்கு 4.1 பேர். அந்த உதவி இல்லாதவர்களில் 10.1. 2006-இல் வெளிவந்தது. மருந்து ஏதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியை வெட்டிக் கொடுத்து, என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஆள்களிடம் இன்னொரு சிக்கல். மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். புரட்டாசி வந்தால் இந்த ஊரில் பாதித் தமிழ் வீடுகளில் மாமிசமே கிடையாது. சிலர் வருஷம் முழுக்கச் சைவம். டயட் தாளில் யாரும் கேட்டு எழுதியிருக்கமாட்டார்கள். கறித்துண்டைத் தள்ளி வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டு மூடிவிடுவார்கள். காயம் ஆறப் புரதம் எங்கிருந்து வரும்? சேரும் நாளிலேயே கேட்டு எழுதுங்கள். பருப்பு, பீன்ஸ், முட்டை சாப்பிடுவாரானால் முட்டை. கடையில் கிடைக்கும் அமாசி என்ற புளித்த பால் நம் மோருக்குப் பக்கத்து வீடுதான், கொஞ்சம் உப்பும் சீரகமும் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்னவர்களும் குடிக்கிறார்கள். வீட்டிலிருந்து பருப்புச் சாதம், ரசம் கொண்டுவருவதை வார்டு ஒப்புக்கொண்டால் தடுக்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மட்டும் சிஸ்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பல் செட் வாயில் இருக்கிறதா? இதைக் கேட்காமல் சாப்பிடவில்லை என்று எழுதாதீர்கள்.

எட்டாம் படி: தினமும் பார்க்க வேண்டிய சில

குதிகால். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிடுங்கள். போர்வையைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் அழுத்திப் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். சிறுநீர்க் குழாயை ஆபரேஷன் ஆன மறுநாளோ அடுத்த நாளோ எடுத்துவிடுங்கள். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் தேவைப்படும், யார் போடுவார்கள் என்று முன்பே பேசுங்கள்.

ஒன்பதாம் படி: அடுத்த எலும்பு உடையாமல்

சும்மா நின்ற இடத்தில் விழுந்து இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு முன்பே தேய்ந்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு நடக்க வைத்துவிட்டு அந்த எலும்புக்கு ஒன்றும் செய்யாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2127 பேரிடம் நடந்து 2007-இல் வந்த ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு 90 நாளுக்குள் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு முறை ஸோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்பில் ஏற்றினார்கள். புதிய முறிவுகள் 35 விழுக்காடும், இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வைட்டமின் டி போதுமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுக்கக் கூடாது. எச்ஐவிக்காக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு இன்னும் தேயும் என்பதால் அந்த மாத்திரை கொடுக்கும் கிளினிக்குக்கும் எழுதி அனுப்புங்கள்.

பத்தாம் படி: வீடு

வீட்டுக்கு அனுப்பும் பேச்சை முதல் நாளே தொடங்குங்கள். டிஸ்சார்ஜ் அன்று காலையில் மகனிடம் “கீழே ரூம் இருக்கிறதா?” என்று கேட்டால் அவர் திகைத்து நிற்பார். வீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாசல்படி, குளியலறை, கட்டில் உயரம், தரை விரிப்பு. சின்ன விரிப்புகளையெல்லாம் சுருட்டி எடுத்துவிட வேண்டும். டாய்லெட் சீட்டை உயர்த்தும் வளையம், சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரி எரியும் ஒரு விளக்கு. குளிக்க, கால் வழுக்காத ஒரு ஸ்டூல். பூஜை அறையில் தரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒரு நாற்காலியும், கைக்கு எட்டும் உயரத்தில் விளக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் வெள்ளிக்கிழமையே தரையில் உட்காரப் பார்ப்பார்கள்.

முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு முழு நேரமும் ஒருவர் துணை வேண்டுமென்றால், கிராண்ட் இன் எய்ட் என்ற கூடுதல் தொகைக்கு, உதவித்தொகை கொடுக்கும் அரசு அமைப்பான சாசாவில் விண்ணப்பிக்கலாம். டாக்டரின் சான்று தேவை. டிஸ்சார்ஜுக்கு முன்பே சோஷியல் வொர்க்கரிடம் சொல்லி அந்தத் தாளை வாங்கிக்கொடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு அதற்காக ஆயாவைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் அவசரச் சிகிச்சை, கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பலன்களில் சேர்ந்தது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக நோட்டில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: 30-ஆம் நாள், 120-ஆம் நாள். அந்தத் தேதிகளில் யாராவது ஒருவர் போன் செய்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கே இருக்கிறார், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், எலும்பு மருந்து நடக்கிறதா. நான் இதை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் செய்கிறேன். சில சமயம் பதிலாக அழுகை வரும், அதையும் எழுதிக்கொள்கிறேன். கரும்பு வண்டி ஆயாவின் 120-ஆம் நாள் கட்டத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘மகள் வீடு. வாக்கர். மாத்திரை ஞாயிறுதோறும். போனை அவரே எடுத்தார்.’